சக்களத்தியின் ஹாரன்

என் மாமியார் அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வார். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தபோதே அது ஷெட்டில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்ததாம். மாமனார் காலையில் கண் விழித்ததும் நேராக அதனிடம்தான் போவார். துடைப்பார், பாலிஷ் போடுவார், கதவைத் திறந்து மூடிக் காது கொடுத்துக் கேட்பார். அதற்கப்புறம்தான் வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்து காபி கேட்பார். "மூத்தவளைக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை டம்ளரை நீட்டுவார்.

மாமனார், ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்தில், வண்டியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கிய கை அது. இன்றும் அவர் தெருவில் நடந்து வந்தால் நடுத்தர வயதுக்காரர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அவருக்கு ஒரே ஒரு கொள்கை: ஹாரன் அடிக்கிறவனுக்கு ஓட்டத் தெரியாது. தான் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை என்று மார்தட்டிக்கொள்வார். அது உண்மைதான் என்பதற்குப் பிற்பாடு எங்களுக்கு அத்தாட்சியே கிடைத்தது. ஹாரனுக்குள் எலிகள் குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்துபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. மனிதருக்கு அது தெரியவே தெரியாது.

அத்தைக்கு அந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஆசை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். மாமா அவரை உட்கார வைத்து, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து ஸ்டியரிங்கை அப்படித் திருப்ப ஒரு பயில்வான் வேண்டும். அத்தை மூச்சைப் பிடித்து இழுத்தும் அது அசையவில்லை. "உன் கைக்கு இது தாங்காது, இறங்கு" என்று சொல்லிவிட்டார். அத்தையும் இறங்கிவிட்டார். ஆனால் மறக்கவில்லை. எங்கள் அத்தை எதையும் மறக்கிற ரகம் கிடையாது.

போன வருடம் மாமாவுக்குக் கண் மங்கிப்போய், இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஷெட்டைப் பூட்டியவர் துடைக்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. பல மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "வண்டியைக் காயலான் கடைக்குப் போடப் போறேன்" என்றார். என் மனைவியும் மச்சினியும் சாப்பிடுவதை விட்டு அவரையே பார்த்தார்கள். அத்தை மட்டும் உள்ளே போய், ஒரு சின்ன அட்டையைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மாமா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அத்தையின் படம் போட்ட ஓட்டுநர் உரிமம். காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் கற்றுக்கொண்டிருக்கிறார். அத்தனை நாளும் அந்த வீட்டில் காய்கறி ஏன் லேட்டாக வந்தது என்று எவருமே கேட்கவில்லை.

"அந்தச் சக்களத்தியை எனக்குக் குடுங்க" என்றார் அத்தை.

மாமா அதிகாரிக் குரலுக்கு மாறினார். "சரி. வாசல்ல கிளம்பி, கடைத்தெரு வழியா போய், பார்க்கைச் சுத்தி வாசலுக்கு வந்து சேரணும். நடுவுல எங்கேயும் நிறுத்தி பானட்டைத் திறக்கக் கூடாது. ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கக் கூடாது. அப்படி வந்தா வண்டி உன்னுது. இல்லைன்னா அன்னைக்கே காயலான் கடை."

அவர் முடியாது என்பதைத்தான் இப்படி நீட்டிச் சொன்னார். ஓடாத எஞ்சின், திரும்பாத ஸ்டியரிங். ஆனால் அத்தை ஒரு கையால் மோரை ஊற்றிக்கொண்டே மறு கையால் எங்கள் இரண்டு பேரையும் காட்டினார். "மாப்பிள்ளைங்க பார்த்துக்குவாங்க."

அந்த மாப்பிள்ளைகளின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பொய்ப்பல் செய்து அனுப்புவேன். என் சகலை, அதாவது மச்சினியின் கணவர், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். இரண்டு பேருக்கும் கார் என்றால் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். போதாக்குறைக்கு, யார் கெட்டிக்கார மாப்பிள்ளை என்ற வழக்கு கல்யாண நாளிலிருந்தே எங்களுக்குள் தீர்ப்பாகாமல் கிடக்கிறது. அத்தை ஒரு கவரை நீட்டினார். "என் கையில இருக்கிறது இவ்வளவுதான். பத்தலைன்னா உங்க பொண்டாட்டிங்களைக் கேளுங்க." கேட்டோம். அக்கா தங்கை இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள், அன்றைக்கு ஒரே குரலில் கிடையாது என்றார்கள்.

அப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போன இடம் தெரியவில்லை. பெட்ரோல் டேங்கை இறக்கிக் கவிழ்த்தால் துரு மட்டும் அள்ளி அள்ளி வந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, பொய்ப்பல் கழுவுகிற என் மெஷினிலேயே போட்டு எடுத்தேன். அது பல் விளம்பரத்துக்கு வைக்கிற மாதிரி வெளியே வந்தது. கியர் தடியின் குமிழ் உடைந்திருந்தது. ஈறுக்குப் போடுகிற பிசினில் புதுக் குமிழ் வார்த்தேன். பிடிக்க வழவழவென்று அருமையாக இருக்கும், கலர்தான் அசல் ஈறு கலர். என் சகலை அதைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவர் பங்குக்கு, ஹேண்ட் பிரேக்கைப் பிரித்து, லிஃப்ட்காரர் புத்தியோடு இறுக்கிக் கட்டினார். "மேல போறது யார் வேணா செய்வாங்க சகலை. நிக்கிறதுதான் வித்தை." டயரும் பிரேக் ரப்பரும் மட்டும் கடையில் புதிதாக வாங்கினோம். அதில் சிக்கனம் பார்த்தால் கையை ஒடிப்பேன் என்று அத்தை சொல்லியிருந்தார்.

மற்றதெல்லாம் காயலான் கடை உபயம். வேடிக்கை என்னவென்றால், வண்டியை எடைக்கு எடுக்க மாமாவிடம் விலை பேசி வைத்திருந்தவரும் அதே கடைக்காரர்தான். ஒரு கையால் எங்களுக்குச் சாமான் விற்றுக்கொண்டு, மறு கையால் அதே சாமான் திரும்பி வரக் காத்திருந்தார். பின்பக்கம் மட்டும் நசுங்கிய ஒரு சின்னக் கார் அவரிடம் கிடந்தது. அதிலிருந்துதான் எங்களுக்கு மோட்டார் வைத்த பவர் ஸ்டியரிங் கிடைத்தது. பேரம் படியாமல் நாங்கள் நடையைக் கட்ட, அவர் கூப்பிட்டு, ஒரு பழைய மினி பஸ்ஸின் ஹாரனை இனாமாகச் சேர்த்துக் கொடுத்தார். "ஊரையே எழுப்பும், வெச்சுக்குங்க" என்றார். அடிக்கப் போவதில்லை, சும்மா இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டோம்.

லேத்துப் பட்டறையில் ஸ்டியரிங் தண்டை ஒட்டி, மோட்டாரைப் பொருத்தி, பேட்டரியை இணைத்த அன்று, அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, பல்லைக் கடித்து, பழைய கோபத்தையெல்லாம் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தார். அது சர்ரென்று கடைசிவரை போய் நின்றது. அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கையால் திருப்பினார். அப்புறம் சுண்டு விரலை மட்டும் மாட்டி இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வழிய, சுண்டு விரலால் திருப்பித் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சகலையும் கையைக் கோத்துக்கொண்டு ஷெட்டுக்குள் குதித்தோம். ஜென்மப் பகையெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோச்சு.

வினை வயரில் வந்தது. வயர் வாங்கக் கவரில் ஒன்றும் மிச்சமில்லை. சகலை தன் வேலையிடத்தில் கழித்துப்போட்ட லிஃப்ட் கேபிளைக் கொண்டுவந்தார். அதற்குள் எல்லாக் கலரிலும் வயர் உண்டு. சிக்கனத்துக்காக எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃப்யூஸ் போட்டார். அவர் வண்டிக்கு முன்னால் ஹாரனிலும் பின்னால் பிரேக் லைட்டிலும் வயரை இணைத்துவிட்டு வந்தார். நான் உள்ளே ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து மல்லாந்து கிடந்தேன்.

"சகலை, ரெண்டு வயர் தொங்குது. எது எதுக்கு?"

"ஊதா வயரை ஹாரன் பட்டன்ல குடுங்க. இன்னொண்ணு பிரேக் லைட்டுக்கு, அதை பெடல் சுவிட்சுல குடுங்க."

கொடுத்தேன். ஓட்டிப் பார்த்ததெல்லாம் இந்த இரண்டு வயருக்கு முன்பே முடிந்திருந்தது. ஹாரனை மட்டும் சோதிக்கவில்லை. மாமா இருக்கிற வீட்டில் ஹாரன் அடித்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்?

மறுநாள் காலை பரீட்சை. வாசலில் மாமா நின்றார். பக்கத்தில் காயலான் கடைக்காரர், அவருக்குப் பின்னால் வண்டியைத் தூக்கிப் போக ஒரு லாரி. கடைத்தெருவிலும் பார்க் பெஞ்சுகளிலும் மாமாவின் வாக்கிங் நண்பர்கள், ஆளுக்கொரு போனோடு காவல் இருந்தார்கள். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நான், பின்னால் சகலை. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஈறு கலர்க் குமிழைப் பிடித்துக் கியர் போட்டார். வண்டி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி நழுவிப் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். மாமா வண்டியைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் திருப்பம். அத்தை பிரேக்கை லேசாகத் தொட்டார்.

பாம் என்று ஒரு சத்தம். மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் கிளம்பின.

"யாரு பின்னாடி மினி பஸ்ஸு?" என்று அத்தை கண்ணாடியில் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. என் போன் அடித்தது. மாமா. "ஹாரன் சத்தம் கேட்டதே?" என்றார். "மினி பஸ் ஹாரன் மாமா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அத்தை இன்னொரு தரம் தொடப்போனார். "மிதிக்காதீங்க அத்தை" என்று நானும் சகலையும் ஒன்றாகக் கத்தினோம். எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிறது. அப்படியானால் ஹாரனை அமுக்கினால் பிரேக் லைட் எரியும்.

"ஊதாவை ஹாரனுக்குக் குடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார் சகலை.

"ஊதாவைத்தான் குடுத்தேன். கத்திரிப்பூ கலர் ஊதா."

"கத்திரிப்பூ கலர் எப்படிய்யா ஊதா ஆகும்? ஊதான்னா வானத்து கலர்."

"அது நீலம்."

"எங்க வீட்டுல அதுக்குப் பேரு ஊதா."

"உங்க வீட்டுல எல்லாம் அப்படித்தான்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. முன்னாடி சைக்கிள் வருது" என்றார் அத்தை. கியரைக் குறைத்தார். எஞ்சின் முனகி வேகத்தைப் பிடித்து நிறுத்த, சைக்கிள்காரர் மயிரிழையில் கடந்து போனார். அத்தை முகத்தில் பயம் இல்லை. நான்தான் கதவின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஃப்யூஸைப் பிடுங்கலாம் என்றால், அந்த ஒரே ஃப்யூஸில்தான் ஸ்டியரிங்கும் எஞ்சினும் தொங்குகின்றன. வயரைப் பிடுங்க வேண்டும். வயர் இருப்பது அத்தையின் காலுக்கு மேலே. வேறு வழியில்லாமல் நான் சீட்டிலிருந்து சரிந்து, மாமியாரின் காலடியில் தலையைக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தது. மருந்துக் கடை வாசலில் காவல் இருந்த வாக்கிங் நண்பர், "என்னம்மா, மாப்பிள்ளை ஓடுற வண்டியிலேயே கால்ல விழுறார்?" என்று கேட்பது என் காதில் விழுந்தது.

"மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, அத்தை குனியாமலேயே என்னிடம், "எந்திரிங்க மாப்பிள்ளை. உங்க தலை கிளட்ச்சுக்குக் கீழ இருக்கு. வயரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அந்த அழகை என்னவென்று சொல்வேன். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவார். வண்டி ஆடி அசைந்து போய்ச் சேரும்போது பச்சை வந்திருக்கும். யாராவது குறுக்கே வருவது போலிருந்தால் கியரைக் குறைப்பார், அதுவும் போதாவிட்டால் ஹேண்ட் பிரேக்கை அரை இழுப்பு இழுப்பார். சகலை பின்னாலிருந்து லிஃப்ட் மாதிரி அறிவித்துக்கொண்டே வந்தார். "முன்னாடி தள்ளுவண்டி. இடது பக்கம் நாய். நாய் உட்கார்ந்துடுச்சு." பார்க் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒருவர் கைதட்டினார். அத்தை ராணி மாதிரி தலையை மட்டும் ஆட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொல்லப்போனால், சகலையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, அப்புறம் ஊதா ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

பார்க்கைச் சுற்றியாகிவிட்டது. இனி எங்கள் தெரு, இறக்கம், அப்புறம் வாசல். அத்தை கியரைக் குறைத்து மெல்ல இறக்கினார். எஞ்சின் சத்தம் பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக ரிப்பேர் செய்திருந்தோம், பாவிகள்.

மாமாவுக்கும் கேட்கவில்லை. நாங்கள் பாதி வழியில் படுத்துவிட்டோம் என்றே முடிவு கட்டியிருப்பார் போலிருக்கிறது. லாரியை எங்கே நிறுத்துவது என்று காயலான் கடைக்காரருக்குக் கையைக் காட்டிக் காட்டி, பின்பக்கமாகவே நடந்து நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். திரும்பினாலும் அந்தக் கண்ணுக்கு எங்களைத் தெரிந்திருக்காது.

அத்தைக்கு எல்லாம் தெரியும். மிதித்தால் ஹாரன். ஹாரன் அடித்தால் வண்டி லாரியில் ஏறும். வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முழங்காலை நீட்டி முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தார்.

அந்த மினி பஸ் ஹாரன் தெருவையே தூக்கியது. மாமா துள்ளி, திரும்பி, கையை முன்னால் நீட்டினார். வண்டி நின்றபோது அவர் உள்ளங்கை பானட்டின்மேல் இருந்தது. அத்தை காலை எடுக்க மறந்துவிட்டார். ஹாரன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. என் மனைவியும் மச்சினியும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். சகலைதான் மெதுவாக, "அத்தை, காலு" என்றார்.

சத்தம் நின்றது. அதிகாரி அதிகாரிதான்.

"ஹாரன் அடிச்சுட்டே" என்றார்.

அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஆமா, அடிச்சேன். அதை அடிக்கலைன்னா உங்களை அடிச்சிருப்பேன். எதை அடிச்சிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

காயலான் கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா பானட்டிலிருந்து கையை எடுக்காமல், தடவிக்கொண்டே வண்டியின் பக்கவாட்டில் நடந்து வந்தார். விளக்கைத் தொட்டார், கதவின் பிடியைத் தொட்டார். பழக்க தோஷத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அங்கே அத்தை இருந்தார். மாமா காத்துக்கொண்டு நின்றார். அத்தை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் நகர மாட்டேன்" என்றார் அத்தை.

மாமா அந்தக் கதவை மெல்லச் சாத்தினார். காயலான் கடைக்காரர் இருக்கிற திசையை உத்தேசமாகப் பார்த்து, "நீங்க போயிட்டு அப்புறம் வாங்க" என்றார்.

"எப்ப சார் வரட்டும்?"

"இவ ஓட்டி முடிக்கட்டும்."

மாமா வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார். "ரெண்டு பேரும் இறங்குங்க மாப்பிள்ளை." இறங்கினோம். அவர் உட்கார்ந்தார். தன் சொந்தக் காரில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு நிமிஷம் அத்தை, வயரை மாத்திடறோம்" என்றேன்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அத்தை. அப்புறம் மாமாவின் காலைக் குனிந்து பார்த்தார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "அங்க எவ்வளவு மிதிச்சாலும் பிரேக் கிடையாது. பேசாம வாங்க" என்று சொல்லிவிட்டு, கியர் போட்டுக் கிளம்பினார்.

எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் சகலையும் நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் ஒரு பாம். கடைத்தெருத் திருப்பத்தில் நீளமாக இன்னொரு பாம். அதற்கப்புறம் எங்கிருந்தோ, ரொம்ப தூரத்தில், சின்னதாக ஒன்று.

"பிரேக் நல்லா பிடிக்குது, சகலை" என்றார் அவர்.